யங்கி உருட்டின மூணு கல் மாத்திரை

கண்ணை மூடிக்கிட்டியா? சரி, நீ "ம்" மட்டும் கொட்டு, போதும்.

ஒரு ஊர்ல ஒரு வைத்தியக்காரி இருந்தா. ஊர்னா நம்ம ஊர் மாதிரி இல்ல. திபெத்துன்னு, மேகத்துக்கும் மேல குந்திக்கிட்டிருக்கிற ஊரு. அவ பேரு யங்கி. நாடி பிடிப்பா, வேர் இடிப்பா, அப்புறம் கல்லுல மாத்திரை செய்வா. கல்லுலயான்னு முழிக்காதே. நீலமும் பச்சையுமா ஒரு கல்லு, ஒரு பவளம், ஒரு முத்து. மூணையும் வேகவச்சு, மாவா அரைச்சு, மூலிகையோட சேர்த்து உருட்டுவா. பெரிய விஷத்துக்கு அதான் மருந்துன்னு அவங்க ஊர் வைத்தியம்.

ம்?

அவ புருஷன் வாங்டு யாக் மாடு மேய்க்கிறவன். யாக்னா உடம்பெல்லாம் முடி தரைவரைக்கும் தொங்கும், நடந்து வர்ற கம்பளி மூட்டை மாதிரி. ஒரு நாள் சாயங்காலம் வாங்டு மலையில ஏதோ காளானைப் பறிச்சு வறுத்துத் தின்னுட்டு வந்தான். வந்தவன் நேரா அடுப்பு மேல இருந்த கெண்டியைக் கும்பிட்டு, "வாங்க மாமி, எப்ப வந்தீங்க"ன்னான். துடைப்பத்தைக் கையைப் பிடிச்சு உட்கார வச்சான். யங்கிக்கும் அவ நாத்தனா லாசோமுக்கும் சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிச்சுது. ஆனா விடிஞ்சு பார்த்தா, வாங்டுவால எழுந்திருக்க முடியல. கால் ரெண்டும் ஐஸா கிடக்குது. பொண்டாட்டியையே யாருன்னு தெரியல.

அப்போ யங்கிக்குச் சிரிப்பெல்லாம் போயிடுச்சு. ஓடிப்போய் மாத்திரை டப்பாவைத் திறந்தா, காலி. பனிக்காலத்துலயே தீர்ந்துபோச்சு. அவ குரு எழுதின சுவடியைப் புரட்டினா. நாளைக்கு மறுநாள் விடியறதுக்குள்ள மருந்து உள்ள போகணும்னு இருந்துச்சு.

அப்புறம் என்ன, கிளம்பிட்டா.

முதல்ல தெச்சின்னு ஒரு பொம்பளை. தலையில ஒன்பது நீலப்பச்சைக் கல்லு கட்டியிருப்பா. அவ சொன்னா, "நடுக்கல்லு எடுத்துக்கோக்கா. ஆனா என் யாக் கன்னு மூணு நாளா கைக்குச் சிக்கல, அதைப் பிடிச்சுக் குடு. என்னால ஓட முடியல."

யங்கி ஓடினா. கன்னு திடுதிடுதிடுன்னு ஓடுது, இவ தொபீர்னு பனியில விழறா. எழுந்து ஓடறா, மறுபடியும் தொபீர். கடைசியில ஓட முடியாம மல்லாக்கப் படுத்துட்டா. அப்போ கன்னு மெதுவா வந்து, அவ நெத்தி வேர்வையை நக்குச்சு, சளக் சளக். உப்புன்னா அதுக்கு உசிரு. இவ அசையாம படுத்திருந்து, லபக்னு காதைப் பிடிச்சுட்டா. நடுக்கல்லு கைக்கு வந்துச்சு.

ம்?

அப்புறம் பவளம். ஆத்துல தோல் படகு விடற ரப்தன் தன் பின்னல்ல ஒரு பவளத்தைக் கோத்து முடிஞ்சிருந்தான். முடிச்சை அவுத்துப் பன்னண்டு வருஷம் ஆச்சு.

"எடுத்துக்கோ. ஆனா யாரும் தலையைத் தொட்டா எனக்குக் கூசும்"னான்.

நடு ஆத்துல, கையில வெண்ணெயைத் தடவிக்கிட்டு இவ முடிச்சைப் பிரிக்கிறா. அவன் ஹிஹின்னான். அப்புறம் ஹிஹிஹின்னான். அப்புறம் துடுப்பை விட்டுட்டு உருண்டு சிரிக்க ஆரம்பிச்சுட்டான். படகு கிறுகிறுகிறுன்னு ராட்டினம் மாதிரி சுத்துது. இவளுக்குத் தலை சுத்துது, சிரிப்பும் வருது. ஆனா பிடிச்ச பின்னலை விடல. படகு கரையில மோதவும் டப்புன்னு பவளம் கையில வந்துச்சு.

மூணாவது முத்து. அது வீட்லயே இருந்துச்சு. லாசோம் காதுல. அவ அம்மா போட்ட முத்து. யங்கி கேக்கவே இல்ல. லாசோமே கழட்டி, "அண்ணனுக்குத்தானே அண்ணி"ன்னு நீட்டினா. நீட்டின கைக்கும் வாங்கின கைக்கும் நடுவுல, வீட்டு ஆடு தலையை விட்டுது. கபக்.

முத்தைக் காணோம்.

ரெண்டு பேரும் ஆட்டைப் பார்த்தாங்க. ஆடு மேகத்தைப் பார்த்துது.

அப்புறம் என்ன பண்றது? முள்ளங்கி குடுத்தாங்க, தின்னுது. பார்லிக் கஞ்சி குடுத்தாங்க, குடிச்சுது. வயித்தைத் தடவினாங்க, சொகமா கண்ணை மூடிக்கிச்சு. உள்ள வாங்டுவோட மூச்சு இளைச்சுக்கிட்டே போகுது. யங்கி ஆட்டுக்கு முன்னால உட்கார்ந்து, "என் வீட்டுக்காரரைக் காப்பாத்தும்மா"ன்னு கெஞ்சறா, கண்ணுல தண்ணி. மறுநாள் காலையில பொத்து பொத்து பொத்து. ரெண்டு பேரும் பாய்ஞ்சாங்க. பதினேழாவது புழுக்கையில முத்து.

சீன்னு மூஞ்சைச் சுளிக்காதே. வெந்நீர்ல ஏழு தடவை கழுவினா. மத்த ரெண்டோட சேர்த்துப் பால்ல வேகவச்சா. அப்புறம் மூணு கல்லையும் அம்மியில போட்டுக் கர்ர் கர்ர், கர்ர் கர்ர். பல்லுல வச்சா நறநறன்னு சத்தம் வரக்கூடாதாம், அவ்வளவு மாவா அரைச்சா. தோளே கழண்டு விழற மாதிரி இருந்துச்சு, நிறுத்தல. மூலிகை சேர்த்துப் பட்டாணி அளவு உருட்டி, வெளிச்சம் படாம சிவப்புப் பட்டுத் துணியில சுத்தி வச்சா.

அதுக்குள்ள பகலும் ராவும் போய், மறுநாள் விடியப்போற நேரம். வெந்நீர்ல கரைச்சு வாங்டு வாயில ஊத்தினா. ஒண்ணும் ஆகல. வெயில் மலை உச்சியைத் தொட்டுது. ஒண்ணும் ஆகல. வெயில் இறங்கி ஜன்னலுக்கு வந்துச்சு. அப்போ வாங்டு கால் விரல் ஒண்ணு அசைஞ்சுது. கண்ணைத் திறந்தான்.

"யங்கி, உன் மூக்கெல்லாம் ஏன் மாவு?"

பேரைச் சொல்லிட்டான். யங்கி அவன் கம்பளியில முகத்தைப் புதைச்சு அழுதா.

"ஒரே கசப்பு. என்ன போட்டே?"

"நீலப்பச்சைக் கல்லு, பவளம், முத்து."

"முத்து ஏது?"

"என்னோடதுண்ணா"ன்னா லாசோம். சொல்லும்போதே அவ உதடு கோணுது.

"அதுக்கு ஏன் சிரிக்கிறே?"

யங்கி முகத்தை நேரா வச்சுக்கிட்டு, "அது வர்ற வழியில கொஞ்சம் சுத்திட்டு வந்துச்சு"ன்னா. அவ்வளவுதான், லாசோம் தரையில உட்கார்ந்துட்டா. யங்கிக்கும் அடக்க முடியல. வாங்டுவுக்கு ஒண்ணும் புரியல. ஆனாலும் ரெண்டு பேரையும் பார்த்து அவனும் சிரிச்சான், வயிறு குலுங்கக் குலுங்க. சிரிச்சுக்கிட்டே சுவத்தைப் பிடிச்சான். எழுந்து நின்னுட்டான்.

அவ்வளவுதான். கதை மலையேறிடுச்சு, நீ போர்வைக்குள்ள இறங்கு. ம்?

தூங்கிட்டியா.