காவல்காரியின் மூன்று குஞ்சுகள்

ஆவாரங்காட்டுக் குளத்துக்கு ஓர் ஆள்காட்டிக் குருவிதான் காவல். அவள் பெயர் செம்மூக்கி.

குளக்கரையில் ஒரு சரளைக்கல் மேடு இருந்தது. அதுதான் அவள் வீடு. கூடு என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. நாலு கல்லை ஒதுக்கினால் படுக்கை. பெரிய கல் ஒன்றின் மேல் ஏறி நின்றால் அலுவலகம். நரியின் தலை தெரிந்தால் போதும், "தித்தித்தீ! தித்தித்தீ!" என்று கத்திக் காட்டையே கூட்டிவிடுவாள். தண்ணீர் குடிக்க வந்த மான்களும் முயல்களும் ஓடித் தப்பிவிடும்.

இந்த வேலைக்குக் கூலியும் உண்டு. குளத்துக்கு வரும் எந்த விலங்கும் சரளை மேட்டில் கால் வைக்கக் கூடாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தரையில் முட்டையிடுகிற பறவைக்கு இதைவிடப் பெரிய சம்பளம் வேறு என்ன இருக்கிறது?

"உனக்கென்னம்மா, வீட்டு வாசல்லயே வேலை! நாங்கதான் இரைக்கு நாலு காடு அலையறோம்!" என்று மைனாக்கள் பொறாமைப்படும். செம்மூக்கி கழுத்தை நிமிர்த்திக்கொள்வாள். குஞ்சு பொரிக்கும் வரை அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று குஞ்சுகள் பொரிந்தன. சில்லு, குண்டு, கடைக்குட்டி புல்லு. மற்றப் பறவைகளின் குஞ்சுகள் கூட்டுக்குள்ளே கிடந்து வாயைப் பிளக்கும். ஆள்காட்டிக் குஞ்சுகளுக்கோ பிறக்கும்போதே காலில் சக்கரம். உடம்பின் ஈரம் காய்ந்ததும் ஓட ஆரம்பித்துவிட்டன. அப்பா குருவிக்கு மறுகரையில் காவல், இருட்டினால்தான் வீடு திரும்புவார். ஆகவே பகல் முழுக்க மூன்றும் அம்மாவின் காலடியில்தான்.

"அம்மா! சில்லு என் புழுவைப் பிடுங்கிட்டான்!"

"அம்மா! இந்த எறும்பு என்னை முறைக்குது!"

"அம்மா, நீ எதைப் பாக்கற? நானும் பாக்கணும்! என்னைத் தூக்கு!"

"கொஞ்சம் சும்மா இருங்கடா! அம்மா வேலையா இருக்கேன்ல!"

சும்மா இருப்பது எப்படி என்று எந்தக் குஞ்சுக்குத்தான் தெரியும்? மூன்றும் ஒரு கணம் யோசித்தன. பிறகு மறுபடியும் புழுவைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

செம்மூக்கி கீழே இறங்கிப் பஞ்சாயத்து பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நரி வந்தது. அவள் நிமிர்ந்து பார்த்துக் கத்துவதற்குள் அது பாய்ந்துவிட்டது. ஒரு மான்குட்டி மயிரிழையில் தப்பியது.

மான் கூட்டத்தின் தலைவி பூமேனி மூச்சிரைக்க வந்து நின்றாள். "செம்மூக்கி! என் பிள்ளை போயிருப்பான்! நீ எங்க பாத்துட்டு இருந்த?"

"மன்னிச்சிடுங்கக்கா. குஞ்சுங்களுக்குள்ள சண்டை..."

"எனக்கும்தான் பிள்ளைங்க இருக்கு! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மயிலைக் காவலுக்கு வச்சுக்குவோம். அப்புறம் இந்த மேட்டைச் சுத்திப் போகணும்னு எங்களுக்கு ஒண்ணும் தலையெழுத்து இல்ல!"

வேலமரத்தின் உச்சியில் மயில் தொண்டையைக் கனைத்துக்கொண்டது. அந்த வேலையின் மேல் அதற்கு ரொம்ப நாளாக ஒரு கண்.

செம்மூக்கி குஞ்சுகளைத் திரும்பிப் பார்த்தாள். வேலை போனால் மேடு போகும். மேடு போனால் அத்தனை குளம்புகளுக்கும் அடியில் இந்தப் பொடிசுகள் என்ன ஆகும்? அதற்கு மேல் நினைக்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் துடுப்பன் வந்து சேர்ந்தான். துடுப்பன் ஒரு கரிச்சான் குருவி. வாலில் இரண்டு நீளக் கம்பிகள், அவற்றின் நுனியில் இரண்டு துடுப்புகள். காட்டில் எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்வான்.

"அக்கா, எதுக்கு இவ்வளவு கவலை? பிள்ளைங்களை என்கிட்ட விடுங்க. சாயங்காலம் வரைக்கும் ஒரு சத்தம் வராது! இந்த மேட்டுல பறக்கற பூச்சிங்களை மட்டும் எனக்கு விட்டுடுங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவேதான்!"

துடுப்பன் தாழ்ந்த கிளை ஒன்றில் உட்கார்ந்துகொண்டான். தவளை மாதிரி கத்தினான். குரங்குகள் சண்டை போடுவதுபோல் இரண்டு பக்கமும் தானே பேசினான். மயில் கனைப்பதுபோல் கனைத்தான். குஞ்சுகள் மூன்றும் கழுத்தை நிமிர்த்தி, வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தன. புழுச் சண்டை நின்றது. எறும்பு முறைப்பது நின்றது.

செம்மூக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! கல் மேல் ஏறி நின்று நாலு பக்கமும் நிம்மதியாகப் பார்த்தாள். பருந்தா, கீரியா, நரியா, எது வந்தாலும் தூரத்திலேயே கண்டுபிடித்துக் கத்தினாள். பூமேனிகூட ஒரு நாள் தலையாட்டிப் பாராட்டினாள். மைனாக்களுக்கு அறிவுரை சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள் நம் காவல்காரி.

"பிள்ளை வளர்க்கறதுல என்னங்க இருக்கு? கொஞ்சம் மூளை வேணும், அவ்வளவுதான்!"

மூளை இருக்கட்டும். குஞ்சுகள் இரை தேடுவதையே விட்டுவிட்டன. அம்மா ஊட்டினால் கிளையைப் பார்த்தபடியே விழுங்கின. துடுப்பன் கொஞ்சம் இறக்கையை நீட்டி முறித்தால் போதும், "இன்னும் ஒண்ணே ஒண்ணு மாமா!" என்று ஒப்பாரி வைத்தன. குண்டு தரையில் விழுந்து புரண்டான். "சரி, ஒண்ணே ஒண்ணுதான்" என்பாள் அம்மா. அந்த ஒன்று பொழுது சாயும்வரை நீளும்.

ஒரு நாள் புல்லு கேட்டாள். "மாமா! எங்கம்மா மாதிரி கத்துங்களேன்!"

துடுப்பன் குரலைத் தணித்துக்கொண்டு, "தித்தித்தீ! தித்தித்தீ!" என்றான். கூடவே செம்மூக்கி ஒற்றைக் காலில் எம்பிக் குதிப்பதையும் செய்து காட்டினான். குஞ்சுகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. கல் மேல் நின்ற செம்மூக்கியின் காதிலும் அது விழுந்தது.

"அட, என் குரலேதான்!" என்று அவளும் சிரித்தாள். போதாததற்கு அவளுக்குப் பெருமை வேறு. அன்றிலிருந்து அந்த விளையாட்டு தினமும் நடந்தது.

ஒரு நாள் வெயில் ஏறிய நேரம். நரி புதரோரமாகப் பதுங்கி வந்தது. செம்மூக்கி அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள்.

"தித்தித்தீ! தித்தித்தீ!"

மான்கள் பறந்தன. முயல்கள் வளைக்குள் பாய்ந்தன. துடுப்பனும் சடாரென்று உச்சிக் கிளைக்குப் போய்விட்டான். வேலை கச்சிதமாக முடிந்தது என்று திரும்பியவளுக்கு உயிரே நின்றுவிட்டது. சரளை மேட்டின் நடுவே குஞ்சுகள் மூன்றும் நின்றபடி சிரித்துக்கொண்டிருந்தன.

"மாமா இன்னிக்கு எவ்வளவு பலமாக் கத்தறார்! இன்னொரு தடவை மாமா!"

அம்மா கத்தினால் ஆள்காட்டிக் குஞ்சுகள் அப்படியே தரையோடு தரையாகப் படுத்துவிட வேண்டும். படுத்துவிட்டால் அவற்றின் புள்ளி உடம்பைக் கல்லிலிருந்து பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அவற்றுக்கு வேறு பாதுகாப்பு எதுவும் இல்லை. ஆனால் மூன்றும் படுக்கவில்லை. சிரிப்புச் சத்தம் கேட்டு நரி திரும்பியது.

"ஓகோ! இன்னிக்கு மான் இல்லைன்னா என்ன?" என்று நாக்கைச் சுழற்றிக்கொண்டு மேட்டில் ஏறியது.

செம்மூக்கி அதன் மூக்குக்கு முன்னால் போய் விழுந்தாள். ஒரு இறக்கையைத் தொங்கப் போட்டு, ஒடிந்துவிட்டதுபோல் தரையில் இழுத்துக்கொண்டு நொண்டினாள். நரிக்கு ஆசை வந்துவிட்டது. குஞ்சைவிடத் தாய் பெரிய கவளம் அல்லவா? அவள் நொண்ட, அது துரத்த, காட்டின் எல்லைவரை இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் அது கவ்வியபோது வாயில் சிக்கியது வாலிறகு மட்டும்தான்.

திரும்பி வந்ததும் குஞ்சுகளிடம் ஓடினாள்.

"ஏண்டா படுக்கல? அம்மா கத்தினா படுக்கணும்னு சொல்லியிருக்கேன்ல?"

"நீயாம்மா கத்தின?" என்றான் சில்லு. "மாமான்னு நெனச்சோம்."

செம்மூக்கி மூன்றையும் இறக்கைக்குள் இழுத்து அணைத்துக்கொண்டு அழுதாள். அன்று மாலை பூமேனி வந்து, "இன்னிக்குப் பிரமாதமாக் காவல் காத்த!" என்று பாராட்டினாள். அந்தப் பாராட்டு அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஊரார் பிள்ளைகளை எல்லாம் காப்பாற்றிய அவளுடைய குரல், அவள் பெற்ற பிள்ளைகளுக்கு வெறும் வேடிக்கையாகப் போய்விட்டதே!

துடுப்பன் தயங்கித் தயங்கி வந்தான். "நான் என்ன தப்புக்கா பண்ணினேன்? பிள்ளைங்க கேட்டதைத்தானே செஞ்சேன்?"

"உன் மேல தப்பில்லடா தம்பி. என் வேலையை நான் பாக்கணும்னு என் பிள்ளைங்களை நாள் முழுக்க உன் தலையில கட்டினது நான்தான். சாயங்காலம் வந்து ஒரு பாட்டுப் பாடிட்டுப் போ. என் குரல் மட்டும் வேண்டாம்."

மறுநாள் காலையில் மூன்றும் கிளையைப் பார்த்து அழுதன. "மாமா எங்க? இப்ப நாங்க என்ன பண்றது?"

செம்மூக்கி யோசித்தாள். ஆரம்பத்தில் இவை என்ன கேட்டன? அம்மா பார்ப்பதைத் தாங்களும் பார்க்க வேண்டும் என்றுதானே?

"வாங்கடா வேலைக்கு!" என்றாள்.

"வேலைக்கா? நாங்களா?"

"நீங்களேதான்! சில்லு, அந்தப் புல்வெளி உன் பொறுப்பு. தட்டான் எல்லாம் ஒரேயடியா எழும்பினா என்கிட்ட சொல்லணும். குண்டு, நீ தரையைப் பாரு. பெரிய நிழல் ஓடினா மேல பருந்து இருக்குன்னு அர்த்தம். புல்லு, நாணலோரம் கத்தற தவளைங்க உன் பொறுப்பு. அதுங்க சத்தம் நின்னா யாரோ பதுங்கி வராங்கன்னு அர்த்தம். ஆனா ஒண்ணு, நீங்க யாரும் கத்தக் கூடாது. அம்மாகிட்ட மெதுவாச் சொல்லணும். கத்தறது நான் மட்டும்தான்."

குஞ்சுகளின் நெஞ்சு நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! சில்லு தட்டானைக் கவனிக்கப் போய் வழியில் நாலு வெட்டுக்கிளியைத் தானே பிடித்துத் தின்றான். புல்லு தவளைகளுக்கெல்லாம் பெயர் வைத்தாள். குண்டு பாதி நேரம் தூங்கிவிட்டான், அது வேறு விஷயம்.

எல்லாம் சுலபமாக நடந்துவிடவும் இல்லை. "அம்மா, நிழல்!" என்றான் குண்டு. செம்மூக்கி பதறிக் கத்தினாள், மான்கள் ஓடின. பார்த்தால் அது மேகத்தின் நிழல். தட்டான்கள் எழும்பியதும் கத்தினாள். எழுப்பிவிட்டது ஒரு எருமை. பூமேனிக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னொரு தடவை வெட்டியாக் கத்தினா மயில்தான்! சொல்லிட்டேன்!"

செம்மூக்கி குண்டுவிடம் வந்தாள். மேகத்தின் நிழல் மெதுவாக நகரும், பருந்தின் நிழல் வழுக்கிக்கொண்டு ஓடும் என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டினாள். குஞ்சுகளும் பிடித்துக்கொண்டன.

ஒரு பிற்பகல். பூமேனியும் குட்டிகளும் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். புல்லு மெல்ல வந்து அம்மாவின் காலைக் கொத்தினாள்.

"அம்மா, என் தவளைங்க பேச்சை நிறுத்திடுச்சு."

செம்மூக்கி நாணலைப் பார்த்தாள். ஒரு தாள் அசையவில்லை. நரியின் காது தெரியவில்லை, வால் தெரியவில்லை.

மயில் மேலிருந்து கேட்டது. "என்ன காவல்காரி, ஒரு பொடிசு சொல்லிக் கத்தப் போறியா? கத்து, கத்து! நாளைக்கு எனக்கு வேலை!"

கத்திய பிறகு அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் வேலை போகும், மேடு போகும். செம்மூக்கி மகளைக் குனிந்து பார்த்தாள். புல்லு விளையாடவில்லை. நாணலை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள்.

"தித்தித்தீ! தித்தித்தீ!"

மான்கள் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடின. குளக்கரை வெறிச்சோடியது. நாணல் அசையவில்லை. மயில் சிரிப்பதற்காக வாயைத் திறந்தது.

நாணலைப் பிளந்துகொண்டு நரி பாய்ந்தது! மான்குட்டி நின்ற இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. மயிலின் வாய் திறந்தபடியே நின்றது.

நரி ஆத்திரத்தோடு சரளை மேட்டில் ஏறியது. "அன்னிக்குச் சிரிச்சதுங்களே, அதுங்களையாவது தின்னறேன்!" என்று ஒவ்வொரு கல்லாக முகர்ந்துகொண்டு நடந்தது. செம்மூக்கி தலைக்கு மேல் வட்டமிட்டாள். கீழே எங்கு பார்த்தாலும் கல். இதில் எது சில்லு, எது குண்டு, எது புல்லு? பெற்றவளுக்கே தெரியவில்லை! நரி மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தது. காலை எங்கே வைக்கிறது என்று பார்க்கவும் அவளுக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அது தும்மிவிட்டுக் காட்டுக்குள் போனது.

"எங்கடா இருக்கீங்க?" என்றாள் செம்மூக்கி.

மூன்று கற்கள் எழுந்து அவளிடம் ஓடி வந்தன.

கொஞ்ச நேரத்தில் பூமேனி வந்தாள். மேட்டின் ஓரத்தில் நின்று கழுத்தை வளைத்துக் கேட்டாள். "முதல்ல கண்டுபிடிச்சது யாரு?"

"புல்லுதான் அக்கா. நான் ஒண்ணுமே பாக்கல" என்றாள் செம்மூக்கி.

பூமேனி புல்லுவின் பக்கம் குனிந்தாள். "நாளைக்கும் தவளைப் பக்கம் நீதானே கண்ணு?"

"நான்தான் பெரிம்மா! ஆனா எனக்கு இப்பப் பசிக்குது."

பிள்ளைகளை வேலைக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கி வைத்து வேடிக்கை காட்டுவதைவிட, அந்த வேலையில் அவர்களால் முடிந்த ஒரு பங்கைக் கையில் கொடுப்பதே அவர்களைச் சந்தோஷமாக வைத்திருக்கும், காப்பாற்றவும் செய்யும்.