தாசில்தார் டிஸ்கில் ஒளிந்திருந்தது

தாசில்தார் குணசீலன் தும்மினால் அலுவலகமே எழுந்து நிற்கும். அவருடைய ஹார்ட் டிஸ்கில் ஒருநாள் மங்கலாக இரண்டு ஃபோல்டர்கள் தெரிந்தன.

"என் டிஸ்கில் எவன் எதை ஒளிச்சு வச்சான்? பத்து நிமிஷத்தில் அழியணும். இல்லேன்னா எல்லாருக்கும் மெமோ."

எல்லோரும் தட்டச்சர் செண்பகவல்லியைப் பார்த்தார்கள். அவள் வந்து உட்கார்ந்தாள்.

"எப்பவும் இருக்கிறதுதான் சார், கண்ணுக்குத் தெரியாது. இன்னிக்கு ஏதோ செட்டிங் மாறிப்போய்த் தெரியுது. ஒண்ணு கம்ப்யூட்டர் தனக்காக வச்சுக்கிறது. அழிச்சாலும் திரும்ப வரும், விட்டுடலாம். இன்னொண்ணு குப்பைக்கூடை. நீங்க அழிச்சதெல்லாம் இதில்தான் கிடக்கும். ஒருதரம் பார்த்துட்டுக் காலி பண்ணலாம்."

"நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. திற."

திறந்தாள். 'மகள் பூங்கோதைக்கு' என்ற பெயரில் ஏழு கடிதங்கள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்ட மகளோடு அவர் நான்கு வருஷமாகப் பேசுவதில்லை என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த சேதி.

செண்பகவல்லி திரையைச் சட்டென்று அவர் பக்கம் மட்டும் திருப்பினாள். "பழைய ஆபீஸ் கடுதாசிங்கதான்" என்றாள் மற்றவர்களிடம். கூட்டம் கலைந்தது.

"அழிச்சிடவா சார், அனுப்பிடவா?"

அவர் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "ஏழில் எதைம்மா அனுப்புறது?"

"நான் படிக்கலை சார். இருக்கிறதிலேயே சின்னதை அனுப்புங்க."