லோகா அரைச்ச பொடி

"ஒரு ருசியைப் பிடிச்சு வச்சுக்க வழியே இல்லையாம்மா?"

கேட்டவர் நல்லசிவம். அறுபது தாண்டியாச்சு. மலையடிவார ஆசிரமத்துல அவருக்குக் குருவா இருக்கற பூங்காவனத்தம்மாவுக்கு நாற்பதுகூட ஆகல. ஞானம் என்ன ரேஷன் கடையா, வரிசைப்படி வர்றதுக்கு?

"எந்த ருசி?"

மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். அடியில ஒரு ஸ்பூன் பொடி இருந்தா அதிகம்.

"என் சம்சாரம் லோகா அரைச்ச பருப்புப் பொடி. போன ஆடியில அவ போய்ச் சேந்துட்டா. இது தீர்ந்தா இந்த ருசியும் போயிடும்."

"கடையில கிடைக்குமே."

"அதை ஏன் கேக்கறீங்க! இருக்கற கம்பெனி பாக்கெட்டையெல்லாம் வாங்கிப் பாத்துட்டேன். வாசனை இருக்கு, காரம் இருக்கு, ஒரு குத்தம் சொல்ல முடியாது. ஆனா சோத்துல பிசைஞ்சு வாயில வச்சா, அது இல்லம்மா."

"எது?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வர்றேன்?"

குரு கையை நீட்டினாங்க. நல்லசிவத்துக்குப் பாதி உயிர் போச்சு. "கொஞ்சமாம்மா"ன்னு கெஞ்சிக்கிட்டே ஒரு சிட்டிகை போட்டார்.

குரு நாக்குல வச்சுப் பாத்தாங்க.

நேரா அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. வாணலியை வச்சு, துவரம்பருப்பைக் கொட்டி, கரண்டியை அவர் கையில கொடுத்தாங்க.

"வறுங்க."

"எனக்கு வறுக்கத் தெரியாதேம்மா."

"பருப்புக்குத் தெரியும். நீங்க கிண்டுங்க."

கிண்டினார். பருப்பு நல்லா சிவந்து வந்தது. பரவாயில்லையேன்னு அவருக்கே ஒரு பெருமை.

அந்த நேரம் பாத்து தோட்டத்துலேருந்து சத்தம். "நல்லசிவம்! இங்க கொஞ்சம் வாங்க!"

குரு கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா? அடுப்பை அப்படியே விட்டுட்டு ஓடினார்.

"என்னம்மா?"

"என் செருப்பைக் காணோம்."

"உங்க கால்லதானேம்மா இருக்கு!"

"அட, ஆமா."

இதுக்கா கூப்பிட்டாங்கன்னு முனகிக்கிட்டே திரும்பினார். அடுப்படி வாசல்லயே மூக்குல ஏறுச்சு, பருப்பு கருகின வாடை. ரொம்ப இல்ல, லேசா.

நல்லசிவம் உள்ளே போகல. அங்கேயே நின்னுட்டார்.

குரு பின்னாலேயே வந்து அடுப்பை அணைச்சாங்க.

"இதுதாம்மா அது." வாசல்லேருந்தே வாணலியைக் காட்டினார். "அவ பருப்பு வறுக்கறப்பல்லாம் நான் கூப்பிடுவேன். துண்டு எங்க, கண்ணாடி எங்கன்னு. கண்ணாடி என் மூக்கு மேலயே இருக்கும்."

"கூப்பிட்டா என்ன சொல்வாங்க?"

"திட்டுவாம்மா. 'அடுப்புல வேலையா இருக்கேன், உயிரை வாங்காதீங்க'ன்னு அங்கேருந்தே கத்துவா."

"அப்புறம்?"

நல்லசிவம் மேல்துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டார்.

"ஒரு தடவைகூட வராம இருந்ததில்லம்மா."