ஈட்டிக் கன்றும் பதினோராம் பிரிவும்

வெள்ளைச்சாமி ஐயா எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. வயது அறுபத்துநாலு. அவருடைய குரு உலகம்மாவுக்கு நாற்பத்தொன்று. கீழ்மலைக்குப் புதிதாய் வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். எம்.எல்.ஏ. ஒருநாளும் சிரித்ததில்லை.

உலகம்மா முன்பு அடிவாரத்தில் ஒரு மரவாடியில் மரம் அளந்து எழுதிக்கொண்டிருந்தவர். ஒருநாள் டேப்பைச் சுருட்டிக் கொடுத்துவிட்டு மலையேறி வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பாறைமேட்டில் ஓட்டுக் கொட்டகை ஒன்று போட்டார். ஜனங்கள் அதை மடம் என்கிறார்கள்.

நான் பிச்சைமணி. மடத்தில் சமைக்கிறேன், தண்ணீர் சுமக்கிறேன். ஊற்று கீழே இருக்கிறது. ஐம்பத்துமூன்று படி. என் சாம்பாரைக் குறை சொன்னால் பொறுத்துக்கொள்வேன். நான் சுமந்த தண்ணீரை வீணாகக் கொட்டினால் பொறுக்க மாட்டேன்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. செடியை யார் நட்டாலும் சரி, யார் தண்ணீர் ஊற்றுகிறாரோ செடி அவருடையது. வாசலில் நிற்கிற எலுமிச்சையை நட்டவர் யாரோ ஒரு பெங்களூர்க்காரர். ஏழு வருஷமாய் ஊற்றுகிறவன் நான். அதில் ஒரு காய் வேண்டுமென்றால் உலகம்மாவே, "பிச்சை, ஒண்ணு பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பறிப்பார். சில நாள் வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். கையை மடக்கிக்கொண்டு போய்விடுவார்.

கோடை மழை இரண்டு பெய்து விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. காலை இட்லி முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். எம்.எல்.ஏ. கையில் ஒரு ஃபைலோடு வந்து உலகம்மா எதிரில் உட்கார்ந்தார். முகம் கல்யாண வீட்டுக்காரர் முகம் மாதிரி இருந்தது.

"அம்மா, திங்கக்கிழமை சட்டசபைக் குழு கூடுது. மர மசோதா. குழுவுக்கு நான்தான் தலைவர். என் கையெழுத்து விழுந்துட்டா சபையில அப்படியே நிறைவேறிடும்."

"நல்லது."

"பதினொண்ணாம் பிரிவு நானே எழுதினது. படிக்கட்டுமா?"

"படிங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ஈட்டி மரம், அதாவது ரோஸ்வுட், யாருடைய பட்டா நிலத்தில் வளர்ந்தாலும் அது அரசின் சொத்து. கிளையைக் கழிக்கவும் அனுமதி வேண்டும். காற்றில் விழுந்தாலும் எடுக்கக் கூடாது. மீறினால் ஐந்து வருஷம் சிறை.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கண் கொஞ்சம் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை. அவரை எனக்கு இருபது வருஷமாய்த் தெரியும்.

"எனக்குப் பத்து வயசுல எங்க பக்கத்துத் தோட்டத்து ஈட்டியை லாரியில ஏத்திட்டுப் போனாங்கம்மா. வெட்டின அடிக்கட்டை மேல நானும் என் தம்பியும் காலை நீட்டிப் படுத்தோம். ரெண்டு பேருக்கும் இடம் இருந்துச்சு. அன்னிக்கு நெனச்சது இது. இன்னும் கடுமையா எழுதணுமா, இல்ல இது போதுமா? அதை மட்டும் சொல்லுங்க."

உலகம்மா ஃபைலை வாங்கி ஓரமாய் வைத்தார்.

"மடத்துக்கு ஒரு ஈட்டிக் கன்னு வேணும். முழங்கால் உயரம் இருந்தா போதும். கொண்டு வாங்க, நட்டுட்டுப் பேசலாம்."

"அவ்வளவுதானே? நர்சரிக்கு ஒரு போன் போட்டா..."

"நர்சரி வேண்டாம். இந்த மலையில தானா முளைச்சது. வனத்துறைக் காட்டுக்கும் போகாதீங்க. பட்டா நிலத்துல இருந்து எடுத்துட்டு வாங்க."

"ஒரு மணி நேரத்துல வர்றேன்."

"பிச்சை, நீயும் போ. அய்யாவுக்குக் கடப்பாரை பிடிக்க ஆள் வேணும்."

எனக்கு மதியச் சமையல் இருந்தது. சொன்னேன். "பழைய சோறு போதும்" என்றார். அதற்குமேல் என்ன சொல்வது?

முதலில் சின்னமாயன் தோட்டத்துக்குப் போனோம். ஆறு ஏக்கர் காபி. நடுவில் ஐந்து ஈட்டி மரம், ஒவ்வொன்றும் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அடியில் காய்ந்த காய் கொட்டிக் கிடந்தது. ஒரு கன்று இல்லை. மிளகுக்கொடிக்காக நட்ட சில்வர் ஓக் கன்றுகள்தான் வரிசையாய் நின்றன.

"ஈட்டிக் கன்னுங்களா? இந்த மண்ணுல வராதுங்கய்யா" என்றார் சின்னமாயன்.

"அஞ்சு மரம் நிக்குதேப்பா?"

"அது எங்க தாத்தா காலத்து மண்ணுங்க."

நான் சிரிப்பை அடக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன்.

அடுத்து இன்னும் மூன்று தோட்டம். எல்லாவற்றிலும் மரம் இருந்தது, கன்று இல்லை. கன்று இல்லாததற்குக் காரணம் மட்டும் ஆளுக்கு ஒன்று இருந்தது. ஒருவர் காட்டுப்பன்றி தோண்டிவிடுகிறது என்றார். ஒருவர் பூச்சி என்றார். மூன்றாமவர் ஆடு தின்றுவிடுகிறது என்றார். அந்தப் பக்கத்தில் ஆடு வளர்க்கிற வீடே கிடையாது.

மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. எம்.எல்.ஏ. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"பிச்சை, என்கிட்ட இவங்க எதையோ மறைக்கிறாங்க."

"நான் சமையக்காரன்யா. எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியும். மலையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் உலகம்மா என்னைக் கடப்பாரை பிடிக்கத்தான் அனுப்பினார், வாயைத் திறக்க அனுப்பவில்லை.

திரும்பி வரும் வழியில் சின்னமாயன் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்களுக்காகவே நின்றது போலத் தெரிந்தது.

"அய்யா, கோவிச்சுக்காதீங்க. போன வருஷம் என் தோட்டத்துல ஒரு மரத்தை எவனோ அறுத்துட்டுப் போனான். நான்தான் வனத்துறை ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். மூணு நாள் என்னையத்தான் உக்கார வச்சுக் கேட்டாங்க. இருக்கிற அஞ்சுக்கே எனக்குத் தூக்கம் இல்லைங்க. ஆறாவது எதுக்குங்க?"

எம்.எல்.ஏ. அவர் தோளைத் தொட்டார். கொஞ்ச தூரம் நடந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நம்ம தோட்டத்துல இருக்கும் பிச்சை. முதல்லயே அங்க போயிருக்கணும். எங்க அய்யா ஈட்டிக் கன்னை மாட்டுக்கன்னு மாதிரி வேலி கட்டிக் காத்தவரு."

அவருடைய தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம். அவர் சென்னையிலும் காரிலும் இருக்கிற மனிதர். தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி சௌந்தரம் அக்காதான். காபிச் செடிகளுக்கு நடுவே மண்டியிட்டு உட்கார்ந்து களை எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிடுங்கிப் போட்ட பச்சைக் குவியல். எம்.எல்.ஏ. குனிந்து அதிலிருந்து ஒன்றை எடுத்தார். வட்ட வட்டமாய் இலை, கருத்த தண்டு. வேர் இன்னும் ஈரமாக இருந்தது.

"சௌந்தரம், இது என்ன?"

"ஈட்டி."

"இது களையா?"

"இல்ல. அதான் ஈட்டின்னு சொன்னேனே."

"தெரிஞ்சேவா பிடுங்குற?"

"தெரியாமப் பிடுங்க எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு? சுண்டுவிரல் கனத்துல பிடுங்கினா ஒருத்தனும் கேக்க மாட்டான். தொடை கனம் ஆயிட்டா காபிக்கு வெயில் விடக் கிளை கழிக்கிறதுக்கும் மனுப் போடணும். நீங்கதான பேப்பர்ல சொன்னீங்க?"

"நான் மரத்தைக் காப்பாத்தத்தான் சொன்னேன்."

"நான் உங்களைக் காப்பாத்தப் பிடுங்குறேன். நாளைக்கு ஒரு காத்துல மரம் சாஞ்சு, அதை நம்ம ஆள் தெரியாம விறகுக்கு எடுத்துட்டான்னு வைங்க. சட்டம் போட்டவரு தோட்டத்துலயே கேஸுன்னு ஊரே சிரிக்கும்."

"எப்போ இருந்து பிடுங்குற?"

"பேப்பர்ல வந்த அன்னியில இருந்து. நான் மட்டுமா? மலை முழுக்க அன்னிக்கே ஆரம்பிச்சாச்சு. உங்ககிட்ட யாரு சொல்லுவா?"

எம்.எல்.ஏ. அந்தக் குவியல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றாய் எடுத்து மடியில் வைத்து எண்ண ஆரம்பித்தார். முப்பதுக்குமேல் எண்ணவில்லை. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சௌந்தரம் அக்காவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். கை மண்ணைத் தட்டிவிட்டுப் பக்கத்தில் வந்தார்.

"அந்தக் கல்லுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க. ஒண்ணு விட்டிருக்கேன்."

"ஏன் விட்ட?"

"மாமா கையால வேலி கட்டின இடம் அது. மனசு வரல."

கல்லுக்குப் பின்னால் முழங்கால் உயரத்தில் ஒன்று நின்றது. கடப்பாரையை என்னிடமிருந்து அவரே வாங்கிக்கொண்டார். வேர் அறாமல் மண்ணோடு எடுக்க அரைமணி நேரம் ஆயிற்று. வாழைமட்டையில் கட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். நான் கேட்டும் தரவில்லை.

மடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. உலகம்மா எலுமிச்சைக்குப் பக்கத்தில் குழி எடுத்து வைத்திருந்தார். நட்டார்கள். மண்ணை மிதித்து இறுக்கினார்கள். பாறைச் சூட்டில் இலை அப்போதே தொங்கத் தொடங்கிவிட்டது.

"பிச்சை, இது உன் எலுமிச்சையை விடப் பெரிசா வரும். ஊத்துறியா?" என்றார் உலகம்மா.

நான் யோசித்தேன். ஐம்பத்துமூன்று படி. தினம் ஒரு குடம் கூடுதல்.

"ஊத்தினா எனக்குத்தானம்மா?"

உலகம்மா எம்.எல்.ஏ.வைப் பார்த்தார். எம்.எல்.ஏ. ஓரத்தில் கிடந்த ஃபைலைப் பார்த்தார்.

"அரசுக்கு" என்றார் மெதுவாக.

"அப்படின்னா வேண்டாம்மா. எனக்கு எலுமிச்சை போதும்."

வேண்டுமென்றே சொல்லவில்லை. மனதில் பட்டதைச் சொன்னேன். சொன்ன பிறகுதான் இரண்டு பேரும் என்னையே பார்ப்பதைக் கவனித்தேன். உள்ளே போய்விடலாமா என்று பார்த்தேன். அதற்குள் எம்.எல்.ஏ. சிரித்துவிட்டார். வாய்விட்டு, வயிறு குலுங்க, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் அதில் வந்தது.

"குடம் எங்கப்பா இருக்கு?"

எடுத்துக் கொடுத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியிறங்கினார். அவருடைய டிரைவர் ஓடி வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஏறி வரும்போது முப்பதாவது படியில் ஒருதரம் நின்றார். நாற்பதில் ஒருதரம். மேலே வந்தபோது மூச்சு வாங்கியது. தோளில் குடம் தளும்பிச் சட்டையெல்லாம் நனைந்திருந்தது. ஒரு சொட்டுக்கும் எனக்குக் கோபம் வரவில்லை. அவரே சுமந்தது, அவர் தண்ணீர்.

ஆனாலும் முகம் தெளியவில்லை. கன்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மா, பிரிவை அப்படியே விட்டா சௌந்தரம் பிடுங்குவா. எடுத்துட்டா லாரிக்காரன் வருவான். நின்ன மரமும் போயிரும். ரெண்டுல எது நடந்தாலும் என் கையெழுத்துலதான் நடக்கும். திங்கக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருக்கு. நான் என்ன எழுதட்டும்?"

உலகம்மா கொட்டகைக்குள் போனார். ஃபைலையும் பேனாவையும் எடுத்து வந்தார். பதினோராம் பிரிவு இருந்த பக்கத்தைத் திருப்பி, அவர் கைக்கு எட்டும்படி பிடித்துக்கொண்டார்.

எம்.எல்.ஏ. பேனாவை வாங்கக் குடத்தைத் தோளிலிருந்து இறக்கப் போனார்.

"இறக்காதீங்க" என்றார் உலகம்மா. "தண்ணி சுமக்கிறவரா, தோள்ல இருக்கும்போதே எழுதுங்க."