கதவு உள்ளிருந்து

"டீச்சர், பசை பிடிக்க மாட்டேங்குது" என்றாள் பேச்சித்தாய்.

பாத்திமா டீச்சர் தராசில் டப்பா ஒன்றை நிறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எது?"

"அந்தக் கதவு."

இப்போது நிமிர்ந்தாள். "மறுபடியுமா?"

"மறுபடியும்."

அது தூத்துக்குடிப் பக்கம், இரும்புக் குழாய்களுக்குப் பெயிண்ட் பூசிச் சுட்டெடுக்கிற கம்பெனி. வீட்டு அறை அளவுக்குப் பெரிய ஓவன்கள் இரண்டு அடுத்தடுத்து நின்றன. ஒன்றில் வேலை நடந்தது. மற்றதை அணைத்துப் போட்டிருந்தார்கள்.

அணைத்துப் போட்டதற்குள்தான் உலகநாதன் செத்துப்போனான். பேச்சித்தாயின் புருஷன்.

உள்ளே காற்றாடியைப் பார்க்கப் போயிருந்தான். ஆள் இருப்பது தெரியாமல் யாரோ கதவைச் சாத்தி, வெளித்தாழ்ப்பாளைப் போட்டு, சூட்டையும் ஏற்றிவிட்டார்கள். யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. திறந்தபோது அவன் கதவோடு சாய்ந்து நின்றிருந்தான். இரண்டு உள்ளங்கையும் கதவில் பதிந்திருந்தன.

அதன்பிறகு தாழ்ப்பாளை அறுத்து எறிந்தார்கள். பேச்சித்தாய்க்கு அங்கேயே வேலை போட்டுக் கொடுத்தார்கள், பசைப் பிரிவில்.

பிரிவைப் பார்த்துக்கொண்டவள் பாத்திமா. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவள் என்பதால் எல்லாருக்கும் டீச்சர். பேச்சித்தாயைவிட வயதில் சின்னவள். அதிகம் பேசமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வதைவிட, கையில் எதையாவது கொடுத்துச் செய்யச் சொல்வாள்.

ஆடி பிறந்ததும் கதவு திறக்க ஆரம்பித்தது.

யாரும் தொடவில்லை. மத்தியானம் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, ஆள் ஒருத்தர் வெளியே வருகிற அளவுக்குத் திறந்தது. நின்றது.

பக்கத்து ஓவனின் அனல் இந்த ஓவன் வழியாகத்தான் மேலே புகைக்கூண்டுக்குப் போகும். கதவு திறந்தால் அது வெளியே அடிக்கும். கிருபாகரன் என்ற பெயிண்டருக்குக் கழுத்து வெந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கவே ஆள் வரவில்லை.

வெல்டிங் வைக்க வழியில்லை. சுவருக்குள் கேஸ் லைன் ஓடியது. நெருப்புப் பொறி விழக்கூடாது. சூடு தாங்குகிற, இரண்டு டப்பாவைக் கலந்து பூசுகிற பசையால் ஒட்டி மூடுவது என்று முடிவாயிற்று.

"நானே ஒட்டுதேன்" என்று பேச்சித்தாய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

ஒட்டினாள். திறந்தது. மறுபடி ஒட்டினாள். மறுபடி திறந்தது.

"எப்படி ஒட்டுனீங்க?" என்றாள் டீச்சர்.

"பழைய பெயிண்டச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேச்சேன். அசிட்டோன் வச்சுத் தொடச்சேன். ஏ டப்பாவும் பி டப்பாவும் நீங்க சொன்ன அளவுக்கு நிறுத்து, ஒரே நெறமா வார வரைக்கும் கலக்குனேன். தடவுனேன். கிளாம்ப் போட்டேன். மறுநா வரைக்கும் தொடல."

டீச்சர் இரண்டு இரும்புப் பட்டைகளை எடுத்து நீட்டினாள்.

"இத ஒட்டுங்க."

பேச்சித்தாய் ஒட்டினாள். இறுகியதும் டீச்சர் அதை ஓடுகிற ஓவனுக்குள் தொங்கவிட்டாள். ஒரு ஷிப்ட் முழுக்க அனலில் கிடந்தது. வெளியே எடுத்து ஆறவைத்து, சுத்தியலால் ஓங்கி அடித்தாள்.

இரும்பு வளைந்தது. பசை விடவில்லை.

"உங்க கை சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்பம் பசை கெட்டுப்போச்சா?"

"அதே டப்பாதான்."

"பெறகு ஏன் டீச்சர்?"

டீச்சர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கதவைப் பார்க்கக் கிளம்பினாள்.

பக்கத்து ஓவனை நிறுத்தி ஆறவிட்டிருந்தார்கள். திறந்து கிடந்த கதவின் விளிம்பை டீச்சர் நகத்தால் தடவிப் பார்த்தாள். பிறகு சட்டத்தைத் தடவினாள். டார்ச் அடித்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இங்க தொட்டுப் பாருங்க, அக்கா."

கதவில் பசை இருந்தது. சட்டத்திலும் இருந்தது. இரண்டிலும் சொரசொரவென்று, பிய்த்த ரொட்டி மாதிரி.

"சரியா ஒட்டலேன்னா ஒரு பக்கம் மொழுக்குன்னு கழண்டு வந்திருக்கும். இது ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கு."

"அப்படீன்னா?"

"பசை விடல. நடுவுல கிழிஞ்சிருக்கு. உள்ளேருந்து தள்ளியிருக்கு."

பேச்சித்தாய் கையை எடுத்துக்கொண்டாள்.

பின்னால் நின்ற மேனேஜர் தொண்டையைச் செருமினார். "காத்து அழுத்தமா இருக்கும் மேடம்."

"காத்து மேல போற வழி திறந்துதான் சார் இருக்கு."

மேனேஜர் அண்ணாந்து புகைக்கூண்டைப் பார்த்தார். பிறகு, "இன்னொரு தடவ பாருங்க. இதுவும் நிக்கலன்னா கேஸ் லைன மாத்திட்டு, ஓவன அறுத்து வெளிய தள்ளிர வேண்டியதுதான்" என்றார்.

அவர் போனபிறகும் பேச்சித்தாய் அங்கேயே நின்றாள்.

"அறுக்கக் கூடாது டீச்சர்" என்றாள்.

"ஏன்?"

"உள்ள இருக்காருல்லா."

டீச்சர் அவளைப் பார்த்தாள். மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனி விடுமுறை. கூரைத் தகரத்தில் வெயில் விழுந்து படபடவென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. இவர்கள் இரண்டு பேரைத் தவிர வாட்ச்மேன் மட்டும். அவரும் கேட்டில் இருந்தார்.

பேச்சித்தாய் பழைய பசையைச் சுரண்டினாள். தேய்த்தாள். துடைத்தாள். டீச்சர் எதையும் தொடாமல் ஸ்டூலில் உட்கார்ந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துடைக்கும்போது பேச்சித்தாயின் கை ஓர் இடத்தில் நின்றது.

"டீச்சர், இங்க வாங்க."

கதவு முழுக்க ஜில்லென்று இருந்தது. நெஞ்சு உயரத்தில் மட்டும், அடுத்தடுத்து இரண்டு இடத்தில், வெதுவெதுப்பு.

டீச்சர் தொட்டாள். கையை எடுத்துத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள்.

"கலக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

பேச்சித்தாய் கலக்கினாள். வெள்ளையும் கறுப்புமாக இருந்தது கோடுகோடாகச் சுழன்று, சாம்பல் நிறத்துக்கு வந்தது. கிண்ணம் கைக்குள் தானாகச் சூடேறியது.

"ரொம்ப நேரம் வச்சிருக்காதீங்க. கிண்ணத்துலயே இறுகிரும்."

சட்டத்தைச் சுற்றித் தடவினாள். தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினாள். கிளாம்ப்களை ஒவ்வொன்றாக முறுக்கினாள். பிதுங்கி வந்த பசையை வழித்தாள்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

தகரத்தின் சத்தம் அடங்கியபோது வேறொன்று கேட்டது. மெல்லியது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"உங்களுக்குக் கேக்கா?" என்றாள் பேச்சித்தாய்.

"உங்களுக்கு என்ன கேக்கு?"

"கை உரசுத மாதிரி."

டீச்சர் தலையை அசைத்தாள்.

"ஒவ்வொரு தடவையும் கேக்குமா?"

"ஒட்டி முடிச்சதும் கேக்கும்."

"பயமா இல்லையா?"

பேச்சித்தாய் யோசித்தாள். "இல்ல டீச்சர். ஆளு இருக்காருன்னு தோணும். வீட்டுல அந்தச் சத்தம்கூடக் கிடையாது."

பசை இறுகிக்கொண்டிருந்தது. டீச்சர் வழிந்ததில் ஒரு துளியை நகத்தால் அழுத்திப் பார்த்தாள். முதலில் நகம் இறங்கியது. பிறகு இறங்கவில்லை.

"போவோம்" என்று பையை எடுத்துக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் நடந்தபின்தான் கூட ஆள் வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தாள். பேச்சித்தாய் கதவின் இடுக்கோடு முகத்தை ஒட்டி நின்றிருந்தாள். உதடு அசைந்தது. பிறகு வேகமாக நடந்து வந்து சேர்ந்துகொண்டாள்.

"என்ன சொன்னீங்க?" என்றாள் டீச்சர்.

"யாருட்ட?"

"கதவுட்ட."

"ஒண்ணும் இல்ல டீச்சர். ஒவ்வொரு தடவையும் ஒட்டிட்டுச் சொல்லுததுதான்."

"அதான், என்ன?"

"போயிட்டு வாரேன்..."

வாய் அப்படியே நின்றது.

டீச்சர் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வாசல் பக்கமாகப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

பேச்சித்தாய் கதவுக்குப் போனாள். கிளவுஸைக் கழற்றினாள். வெதுவெதுப்பாக இருந்த அந்த இரண்டு இடத்திலும் உள்ளங்கைகளை வைத்தாள்.

உரசல் நின்றது. யாரோ காது கொடுத்துக் கேட்பது போல் உள்ளே எல்லாம் அடங்கியது.

அவள் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள்.

"போறேன்" என்றாள்.