எண்ணுக்குள் விழுந்த கீறல்

பறவையும் விலங்கும் மனிதருக்குச் சமமாக வாயாடிய அந்தக் காலத்தில், மூங்கில்பாறைக் காட்டில் ஒரு பொதுக் களஞ்சியம் இருந்தது. அறுவடை முடிந்ததும் எல்லா உயிர்களும் சாமை மணிகளைச் சேர்த்துக் குகையில் கொட்டும். மழைக்காலம் முழுக்க அதுதான் சோறு.

கணக்கு, செங்கொண்டை என்ற மரங்கொத்தியின் பொறுப்பு. குகை வாசலில் பட்டுப்போய் நின்ற வேங்கை மரத்தில் எண்ணிக்கையைக் கொத்திவைப்பாள். இருப்பு எவ்வளவு என்று கேட்டால், அதே எண்ணைப் பட்டைத் துண்டு ஒன்றில் கொத்திக் கொடுப்பாள். அதைப் படித்துப் பங்கு பிரிப்பவள் பொன்னலகி என்ற மைனா.

ஒரு மழைக்காலத்தில் பட்டையில் 612340 என்று இருந்தது. ஆறு லட்சத்துச் சொச்சம். இலக்கங்கள் நெருக்கியடித்து நின்றதில், பொன்னலகி அதை அறுபத்தொரு லட்சம் என்று படித்துவிட்டாள். கைநிறைய அள்ளிக் கொடுத்தாள். மழை ஓய்வதற்குள் குகை துடைத்துப் போட்டாற்போல் ஆயிற்று. வரியாள் என்ற அணிலின் இரண்டு குட்டிகள் பசியில் செத்துப்போயின.

மழை விட்டதும் காடு கூடியது.

"தப்பு என்னுடையதுதான்," என்று பொன்னலகி அழுதாள். "ஆனால் அக்கா, உன் பட்டையைப் பார்த்தாலே கண் பூத்துப்போகிறது. கடைசி மூன்று இலக்கத்தை வெட்டிவிட்டுக் கொடேன்."

"மாட்டேன். வெட்டினால் முந்நூற்று நாற்பது மணி காணாமல் போகும். அது யாரோ ஒருவருடைய சோறு."

வரியாள் எழுந்தாள். "படிக்க முடியாத எண் சரியாக இருந்தால் என்ன, தப்பாக இருந்தால் என்ன? என் பிள்ளைகள் போய்விட்டார்களே!"

செங்கொண்டை மறுநாள் விடிந்ததும் வேலையில் இறங்கினாள். இலக்கத்தைப் பெரிதாக்கினாள், பட்டை போதவில்லை. இடைவெளி விட்டாள், பட்டையின் வெடிப்புகளோடு அது கலந்துவிட்டது. அலகின் நுனி பெயர்ந்தது.

"போதும் அக்கா, விட்டுவிடு," என்றாள் பொன்னலகி.

"இன்னொரு மழைக்கு இன்னொரு குட்டியைச் சாகவிடவா?" என்று செங்கொண்டை அடுத்த பட்டையை எடுத்தாள்.

ஐந்தாம் நாள் கோடியைத் தாண்டிய ஓர் எண்ணை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். கோடி என்றதும் நாக்கு நின்றது. லட்சம், மறுபடி நின்றது. ஆயிரம், அங்கேயும் நின்றது. வாய் நிற்கும் இடத்தில் கண்ணும் நிற்கட்டும் என்று முடிவு செய்தாள். கடைசியிலிருந்து மூன்று இலக்கம் எண்ணி, தலையைச் சாய்த்து, பெயர்ந்த அலகால் வளைவாக ஒரு கீறல் போட்டாள். பிறகு இரண்டிரண்டு இலக்கத்துக்கு ஒன்று.

புதிய அறுவடை வந்தது. பட்டையை அவள் நேராக வரியாளிடம் நீட்டினாள். 47,06,215.

"நாற்பத்தேழு லட்சத்து ஆறாயிரத்து இருநூற்றுப் பதினைந்து," என்று வரியாள் தட்டுத்தடுமாறாமல் படித்தாள். பிறகு வேங்கை மரத்தைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "அங்கே கீறலே இல்லையே?"

"அது கணக்கு; அதைத் தொடமாட்டேன். இது உன் கண்ணுக்கு."

அந்த மழையில் வரியாளுக்குப் பிறந்த மூன்று குட்டிகளும் பிழைத்தன.

அன்று முதல்தான் மரங்கொத்தி ஒரே மூச்சில் கொத்தாமல், கொஞ்சம் கொத்தித் தலையைச் சாய்த்து நின்று, மறுபடி கொத்துகிறது. நாமும் பெரிய எண்ணைப் பிறருக்குக் காட்டும்போது ஆயிரத்திலும் லட்சத்திலும் கோடியிலும் கால்புள்ளி இடுகிறோம்.