கைத்தடி உத்தரவு

கீழமாந்தைச் சீமையை ஆண்ட சிங்கமுத்து ராஜா இளவட்டம். வேட்டைப் பிரியர். அதைவிட வேட்டைக் கதை சொல்வதில் பிரியர். அவர் சபையில் வெயிலுகந்தார் என்றொரு விகடகவி இருந்தார். ராஜாவின் தாத்தா காலத்திலிருந்தே கிழக்குத் தூணோரம்தான் அவர் இடம். பிரதானி நரசப்பருக்கு அந்த இடத்தின் மேல் ஒரு கண். தன் மைத்துனனை அங்கே உட்கார்த்திவிட வேண்டும்.

ஒருநாள் பிரதானி ராஜாவின் காதைக் கடித்தார். கிழவர்களால் சபைக்கே கெட்ட பேர், அவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் ராஜ்யம் ஓட்டமாய் ஓடும் என்றார். ராஜாவுக்கும் சரியென்றுதான் பட்டது. ஆனால் யார் கிழவர்? அந்தச் சீமையில் யாருக்கும் பிறந்த வருஷம் தெரியாது. வெயிலுகந்தாரைக் கேட்டால், பெரிய ஏரி உடைந்தபோது தவழ்ந்துகொண்டிருந்தேன் என்பார். ஏரி எப்போது உடைந்தது என்றும் அவரைத்தான் கேட்க வேண்டும்.

பிரதானி விடுவாரா? வயது எதற்கு, அடையாளம் போதுமே என்றார். உட்கார்ந்தபடியே தூங்குவது, சொன்னதையே சொல்வது, மறந்துபோவது. இதில் ஒன்று இருந்தாலும் கையில் ஒரு தடியைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டியது. மறுநாளே அமல் என்று உத்தரவாயிற்று.

வெயிலுகந்தாருக்குக் கோபம்தான். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. தடி கொடுக்கும் வேலையைத் தனக்கே தர வேண்டும் என்று மட்டும் கேட்டார். போகிற கிழவர் ஆசைப்படுகிறார், போகட்டும் என்று ராஜா சம்மதித்தார்.

மறுநாள் வெயிலுகந்தார் ஒரு கட்டுத் தடியோடு வந்து சேர்ந்தார். அன்று அரண்மனையில் விருந்து. வெற்றிலை போட்டுக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்ததும் ராஜா, தான் காட்டுப்பன்றியைக் குத்திய கதையை ஆரம்பித்தார். பன்றி புதரைவிட்டு வெளியே வருவதற்குள் பாதிச் சபை தூங்கி வழிந்தது. பன்றி விழுவதற்குள் பிரதானியைத் தவிர மீதியும் சாய்ந்தது. வெயிலுகந்தார் ஓசையில்லாமல் எழுந்து ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தடியை வைத்துக்கொண்டே போனார். தனக்கு வரப்போகும் இடத்தைப் பார்க்க வந்து, குறட்டை விட்டுக்கொண்டிருந்த மைத்துனனுக்கும் ஒன்று.

விழித்திருந்த பிரதானி பாய்ந்தார். "என்ன காணும் இது? இவன் வாலிபன்."

"உத்தரவில் வயதே இல்லையே. அந்த மூன்று அடையாளம் என்னென்ன? நீர்தானே சொன்னீர்?"

"உட்கார்ந்தபடி தூங்குவது. சொன்னதையே சொல்வது. அப்புறம்..." பிரதானி தலையைச் சொறிந்தார். விதானத்தைப் பார்த்தார். மூன்றாவது வரவே இல்லை.

"மறந்துபோவது," என்றார் ராஜா எரிச்சலோடு.

வெயிலுகந்தார் பிரதானியின் கையிலும் ஒரு தடியைக் கொடுத்தார். கடைசித் தடியைக் கொண்டுபோய்ப் பணிவாகச் சிம்மாசனத்தில் சாய்த்து வைத்தார். சபை முழுதும் விழித்துக்கொண்டது. ராஜாவின் முகம் சிவந்தது.

"இது எதற்கு?"

"பன்றிக்கு, மகாராஜா. போன ஆடியில் சொன்னபோது கன்றுக்குட்டி அளவு இருந்தது. பொங்கலுக்கு எருமை. இன்றைக்கு யானைக்குட்டி. எல்லாம் ஒரே பன்றிதான்."

ராஜா அந்தத் தடியைக் கையில் எடுத்தார். "அப்படியானால் நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதானா?"

"ஐயோ, போய்விடாதீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். உத்தரவுப்படி இங்கே தடி வாங்காதவன் நான் ஒருவன்தான். பெரியவர்கள் நீங்கள் எல்லோரும் ஒரேயடியாகப் போய்விட்டால், இந்தச் சின்னப் பையனுக்குப் புத்தி சொல்ல யார் இருக்கிறார்கள்?"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவு அப்போதே ரத்தாயிற்று. தடிகள் மடப்பள்ளி அடுப்புக்குப் போயின. கிழக்குத் தூணோரத்துக்குப் புதுப் பட்டு மெத்தை வந்தது. பன்றி மட்டும் அதற்கப்புறம் வளரவே இல்லை.